மெஷினை அணைத்தது யார்?

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இது கட்டிய கதை அல்ல, நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் சொந்தத்தில் ஒருத்தி. எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். மருத்துவமனை கைவிரித்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே எல்லாம் ஏற்பாடு செய்வது அவள் தொழில். கட்டில், ஆக்சிஜன் மெஷின், பார்த்துக்கொள்ள ஆள், டாக்டர் வந்துபோவது எல்லாமே அவள் பொறுப்பு.

ஒரு வீட்டில் மட்டும் ஆள் நிற்கவில்லை. பக்கவாதத்தில் விழுந்த பெரியவர். பேச்சு இல்லை, கைகால் அசையாது. நுரையீரலும் கெட்டுவிட்டது. மெஷின் நின்றால் மூச்சும் நிற்கும். அடுத்தடுத்து மூன்று பெண்களை அனுப்பினாள். மூவரையும் பெரியவரின் மகன் துரத்திவிட்டான்.

"மெஷினை அணைச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காங்க. கொலைகாரங்களையா அனுப்புறீங்க?" என்று போனில் கத்தினான்.

அந்தப் பெண்களைக் கேட்டால், "சத்தியமா தொடவே இல்ல சிஸ்டர்" என்று அழுதார்கள்.

கடைசியில் அவளே கிளம்பினாள்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மகன் வாசலிலேயே வழிமறித்தான். "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்." மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறையில் நல்ல வெளிச்சம். மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒயரை இழுத்துப் பார்த்தாள், குழாயைத் தடவிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பெரியவரின் கண்களைக் கவனித்தாள்.

கதவைப் பார்த்தன. பிறகு மெதுவாக நகர்ந்தன... அலமாரி... ஜன்னல்... கட்டிலின் கால்மாடு. யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல.

"என்னங்கய்யா? யாரைத் தேடுறீங்க?"

கண்கள் அவளருகே வந்து நின்றன. அவள் முகத்தில் அல்ல. தோளுக்கு மேலே.

பிடரி சில்லிட்டது. திரும்பினாள்.

யாருமில்லை.

டக்.

உறுமல் நின்றுவிட்டது. பெரியவரின் இழுப்பு மட்டும்... ர்ர்... ர்ர்...

பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். மூச்சு திரும்பியது. பெரியவர் இப்போது அவளையே பார்த்தார். மிரண்டுபோய்ப் பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு மகன் வந்தான். "கையும் களவுமா மாட்டினீங்களா?"

"அது நிக்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்கவே இல்ல தம்பி..."

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆட்கள்மேல் நம்பிக்கையில்லாமல் முதல் பெண் வந்த அன்றே அறையில் கேமரா வைத்திருந்தான்.

திரையில் சிஸ்டர் துண்டு மடிக்கிறாள். எழுகிறாள். பெரியவரின் காதருகே குனிந்து என்னவோ சொல்கிறாள். இடது கையை நீட்டி மெஷினை அணைக்கிறாள். திரும்பி வந்து உட்காருகிறாள்.

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இடது கைப் பழக்கமே இல்லையே..."

மகனின் முகம் மாறியது. மற்ற மூன்று பெண்களின் பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தான். எழுந்தார்கள். குனிந்தார்கள். அணைத்தார்கள்.

மூவரும் இடது கையால்.

கதவோரம் நின்ற மருமகள் மெல்லக் கேட்டாள். "செத்துப்போன அத்தைக்கு... இடது கைதானே?"



அன்றைக்கே பெரியவரை மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகன் போன் செய்தான். இந்த முறை கத்தவில்லை. "அந்த ரூம்லதான் சிஸ்டர், எங்கம்மா படுத்திருந்தாங்க. அதே மாதிரி மெஷின்தான். ஆள் வேண்டாம், நானே பாத்துக்கறேன்னு அப்பா சொல்லிட்டார். ஒருநாள் மெஷின் நின்னுபோச்சு. அப்ப வீட்டுல அப்பா மட்டும்தான் இருந்தார்."

கேமராவில் குரல் பதிவாகவில்லை. தன் வாய் அந்த மனிதரின் காதில் என்ன சொன்னது என்று சிஸ்டருக்கு இன்றுவரை தெரியாது.