கர்நாடகத்துக்குப் போன தொழில்வரி

பெங்களூரு அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை, மயிலாப்பூர் வாடகை வீட்டில் வாசம் என்று என் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்று உறுதிசெய்யுங்கள், தொழில்வரிப் பிடித்தத்துக்காக.

நான் நம்பவில்லை. நான் மாடவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்க, என் சம்பளத்தில் பிடித்த தொழில்வரி மட்டும் மாதாமாதம் கர்நாடகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது யாரையும் உறுத்தவில்லை. இப்போது திடீரென்று என்ன அக்கறை?

கோயம்புத்தூரில் இருந்தபடி எங்கள் குழுவில் வேலை செய்யும் தோழிக்கும் அது வந்திருந்தது. போனில் பதறினாள்.

"சொல்லிடாதடி. ஊரைப் பார்த்துதான் சம்பளம்னு சொல்லிக் குறைச்சிடுவாங்க."

நான் பதில் போடாமல் இருந்தேன். எச்.ஆர். பெண்ணே கூப்பிட்டுவிட்டாள்.

"தமிழ்நாட்டுல இருந்தா, நாங்க உங்க தொழில்வரியை அங்கதான் கட்டணும். தப்பான மாநிலத்துக்குக் கட்டினா எங்களுக்கு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான்."

குரலில் அளவுக்கு மீறிய இனிப்பு. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது. ஆனாலும் பொய் சொல்லிப் பிறகு மாட்டிக்கொள்ளப் பயந்து, மயிலாப்பூர் முகவரியை அனுப்பினேன்.

அடுத்த மாதச் சம்பளத்திலும் கர்நாடக வரிதான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் வந்தது. முகவரியைச் சரிபார்க்க ஆள் அனுப்பினார்களாம். அப்படி ஒருவர் அங்கே வசிக்கவில்லை என்று தெரியவந்ததாம்.

யாருமே வரவில்லையே! பொய் முகவரி கொடுத்தாள் என்று எழுதிவைத்து என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். வேண்டுமானால் திரும்ப ஆள் அனுப்புங்கள் என்று கோபமாக எழுதினேன். அனுப்பினார்கள்.

வந்தவர் வாசலில் நின்று என் ஆதார் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா மேடம், போன தபா வந்தப்போ வூடு பூட்டிக் கீது. எதிர்வூட்ல கேட்டா, இந்தப் பேர்ல யாருமே இல்லன்ட்டாங்க."

எதிர்வீட்டு மாமியின் கதவு விரியத் திறந்திருந்தது. மாமி கொஞ்சமும் அசராமல் வெளியே வந்தார்.

"நான்தான் சொன்னேன். நீ அப்போ கறிகாய் வாங்கப் போயிருந்தே. யாரோ ஒருத்தன் கையில பேப்பரோட வந்து, இந்தப் பொண்ணு இங்கதான் இருக்காளான்னு கேட்டா, ஆமான்னுடுவேனா?"

"மாமி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மாமி குரலைத் தாழ்த்தினார்.

"பகல் பூரா ஆத்துலயே இருக்கே. வேலைக்குப் போற பொண்ணுன்னா கார்த்தால கிளம்ப மாட்டாளோ? ஏதோ வம்புல மாட்டிண்டு இங்க ஒளிஞ்சிண்டிருக்கேன்னு நெனச்சேன். அதைப் போய் உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி என்னை உளவு பார்க்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், எதிர்வீட்டில் ஒருவர் என்னைத் தலைமறைவுக்காரியாக நினைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவர் வீட்டையும் என்னையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமி அவருடைய அடையாள அட்டையை வாங்கி ஒருமுறை படித்த பிறகுதான் படியிறங்க விட்டார்.

அதன்பின் என் வரி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை. தோழியிடம் அதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அதே வாரம் இன்னொரு மின்னஞ்சல். சென்னையில் வசிக்கும் ஊழியர்கள் வாரத்தில் சில நாட்கள் தேனாம்பேட்டைக் கிளைக்கு வர வேண்டும். அப்படி ஒரு கிளை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வரிக்காகத்தான் ஊரைக் கேட்டார்களா, இதற்காகவா? எச்.ஆர். பெண்ணைக் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மென்ட் முடிவு மேடம்" என்றாள், அதே இனிப்போடு.

இன்றுவரை எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை காலை கிளைக்குப் போகும் வழியில் ஆழ்வார்பேட்டை நெரிசலில் ஆட்டோ நகராமல் நின்றபோது, தோழியைக் கூப்பிட்டு, கோயம்புத்தூர் முகவரியை அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.