சந்தனம் பூசிய லாக்

தொண்ணூறுகளின் கடைசியில் மண்ணூர்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவனாக இருந்தேன். வரையும் மென்பொருளை முதலாளி காசு கொடுத்து வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் தீப்பெட்டி அளவு ‘லாக்’ ஒன்றைச் செருகினால்தான் அது திறக்கும். பட்டறையிலேயே விலை அதிகமான பொருள் அந்தத் தீப்பெட்டி. அடுத்தது லேத். பட்டியலில் நான் இல்லை.

எனக்கு அப்போது கொள்கைப் பித்து. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸை ஏற்றி, முகம் தெரியாத யாரோ எழுதி ஊருக்கே கொடுத்துவிட்ட வரைபட மென்பொருளையும் வைத்திருந்தேன். டீ வந்தால் பிரசங்கம் தொடங்கிவிடும். “சார், அது செய்றதெல்லாம் இதுவும் செய்யும்.”

முதலாளிக்கு ஒரே கேள்விதான். “தப்பாப் பூட்ச்சுன்னா யார் சட்டையப் புடிக்கிறது?”

“என் சட்டையப் புடிங்க சார்.”

சொல்லியிருக்கக் கூடாது.

ஆயுத பூஜை அன்று லேத்துக்குப் பொட்டு வைத்த முதலாளி, அதைவிட விலை அதிகமானதை விட்டால் சாமிக்குப் பொறுக்காது என்று லாக்கைக் கழற்றி, பின்கள் இருக்கும் பக்கமே தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பூசினார். பூஜை முடிந்து செருகினோம். படங்கள் எங்களுடையவை, கம்ப்யூட்டரும் எங்களுடையது. ஒரு கோடுகூடத் திறக்கவில்லை. புது லாக் வர மூன்று நாள். அந்த மூன்றாம் நாள் மாலைக்குள் நாற்பது தகடுகளில் துளை போட்டு அனுப்பாவிட்டால் இனி ஆர்டரே கிடையாது என்று வேலை கொடுத்த கம்பெனி சொல்லியிருந்தது. அந்தத் தகட்டின் படமும் பூட்டுக்குள்தான்.

“இன்னாபா, உன் ஓசி சாமான் இன்னா சொல்லுது?” என்றார் முதலாளி.

ட்ரில் ஓட்டுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணாத்தே, சட்டைய இஸ்திரி போட்டு வெச்சுக்க.”

தகட்டுக்குக் கம்பெனி முதலில் தந்த அளவுத் தாள் சுவரில் இருந்தது. அதன்பின் வந்த திருத்தங்கள் நான்கும் நினைவில் இருந்தன. கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் படம் கையில் இல்லையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். நானோ இலவச மென்பொருளின் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தேன். அது முணுமுணுக்காமல் வரைந்தது. அச்செடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. இன்னொரு அச்சை ட்ரில் ஓட்டுகிறவரிடம் கொடுத்தேன்.

ஆனாலும் இரண்டு நாளாகத் திருத்தங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்குதான். கட்டைவிரல் மட்டும் எதற்கோ காத்து நின்றது.

மூன்றாம் நாள் மதியம் லாக் வந்தது. பழைய படத்தைத் திறந்து என் தாளைப் பக்கத்தில் பிடித்தேன். ஐந்தாவது திருத்தம் இருந்தது. மூலைத் துளை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. தள்ளியது நான்தான், என் கையாலேயே தேதியும் போட்டிருந்தேன். இலவச மென்பொருள்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதை வரைந்தது.

சுவருக்கு அப்பால் ட்ரில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“மொதலாளி, நாப்பதும் முட்ச்சாச்சு!”

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியைத் துடைத்தபடி, புது லாக் எப்படி இருக்கிறதென்று பார்க்க என் பக்கம் வந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.