கிரேஸ் டீச்சர் கேட்ட கேள்வி

கிரேஸ் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். போனில் பேசியவர் எங்கள் பழைய தலைமையாசிரியர். "காலையில ஹார்ட் அட்டாக் சார். முதுநகர் வீட்லதான் வச்சிருக்காங்க." கடலூர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான், ஏழு வருடங்களுக்கு முன் இதே சாலையில் டீச்சரோடு போன ஒரு மதியம் நினைவுக்கு வந்தது.

கடலூர் மஞ்சக்குப்பம் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய புதன்கிழமை வகுப்பு தெரியும். பதினொன்றாம் வகுப்புக்கு வேதபாட நேரத்தில் உளவியல் நடத்தினார். சாக விரும்பிச் செடியடியில் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைப் பற்றி அவர் சொன்னது, பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் கேட்டது. "தேவதூதன் வந்து, உனக்கு விசுவாசம் பத்தலன்னு திட்டுனானா? அடை குடுத்தான். தூங்க வுட்டான். அப்புறந்தான் பேச்சு."

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. சிதம்பரத்தை அடுத்த கிள்ளையைச் சேர்ந்த எஸ்தர் விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, என்னிடம் இரவல் வாங்கிய அகராதியைப் புது அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டின்போது அதைப் பெருமையாகச் சொன்னேன். கிரேஸ் டீச்சர் கையிலெடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

"வேற யாருக்கு என்னா குடுத்தா சார்?"

விசாரித்தோம். ஜாமெட்ரி பாக்ஸை ஒருத்திக்கும் கைக்கடிகாரத்தை இன்னொருத்திக்கும் கொடுத்திருந்தாள். ரிப்பன்களைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

"பயப்படாதீங்க டீச்சர், ஜெபம் பண்ணுவோம்" என்றார் தலைமையாசிரியர்.

"பஸ்ஸுல போயிக்கிட்டே பண்றேன் சார்."

நானும் கூடப் போனேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வெகுநேரம் ரயில் வரவில்லை. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. டீச்சரின் உதடுகள் மட்டும் அசைந்தன. நான் ஆறுதலாக ஏதோ தொடங்க, "பேசாதீங்க சார்" என்றார்.

கிள்ளையில் எஸ்தரின் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "தம்பிக்குப் பூ போடணும்னு இப்பதான் தண்ணிப் பக்கம் போனா. என்னா டீச்சர், சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க?"

உப்பங்கழி ஓரம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் பூ இல்லை. டீச்சர் அருகில் போய் உட்கார்ந்தார்.

"எஸ்தர், செத்துப்போவணும்னு நெனைக்கிறியா?"

கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று நம்பியவன் நான். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆமா டீச்சர்."

"சரிம்மா. சாப்டியா?"

அன்று மாலையே சிதம்பரத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூன்று நாள் டீச்சர் அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை. தேறி வரப் பல மாதங்களாயின. இன்று எஸ்தர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

ஊர் திரும்பும்போது டீச்சர் சொன்னார்: "இந்தத் தடவ பஸ் கெடச்சுது சார்." அடுத்த தடவை கிடைக்காது என்பதுபோல் ஒலித்த அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசுகிறார் என்று சில பெற்றோர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு புதன்கிழமை வகுப்பு இல்லை. அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். முதல்நாள் என் வகுப்பில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன். அடக்கம் முடிந்து நடந்து வருகையில் டீச்சர் எங்களில் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். ஒரு பிள்ளையின் முகம் சரியில்லை என்றால் தனியே உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் குரல் நடுங்குகிறது. அவருடைய துணிவு எனக்கு வாய்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன். முதுநகர் வீட்டில் பெட்டியருகே நின்ற எஸ்தரிடம் அதைச் சொன்னேன்.

"அன்னிக்கு அப்புடிக் கேக்கறப்ப எங் கையப் புடிச்சிருந்தாங்க சார்" என்றாள். "அவுங்க கைதான் நடுங்கிட்டே இருந்துச்சு."

அந்த நடுக்கத்தோடு சேர்த்துத்தான் அவருடைய கேள்வியை வைத்திருக்கிறேன்.