பிளாக் புடிங்கும் என்ரை வாயும்

இருங்கோ, இருங்கோ. கதிரை கிடைக்காத ஆக்கள் நிலத்திலை இருங்கோ, ஆனா கதைக்காதையுங்கோ. கதைக்கிறதுக்குத்தான் நான் இருக்கிறன். அங்கை மூலையிலை தேத்தண்ணியோடை இருக்கிற சுமதியைப் பாத்துப் பழகுங்கோ. ஒரு சத்தம் வருதோ?

பிளேட் தூக்கிற வேலையிலை கால் நோகாது, சிரிச்சுச் சிரிச்சுத் தாடைதான் நோகும். தூக்கின ஆக்களுக்கு விளங்கும். நான் தூக்கினது டவுன்ரவுணிலை, இங்கிலாந்துக்காரற்றை பப் ஒண்டிலை. பேர்தான் பப். சனம் வாறது பியருக்கில்லை, புதுமாதிரிச் சாப்பாட்டுக்கு. ஊரிலை சண்டை முடிஞ்ச வருஷம் அது.

அப்ப அக்கா எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவ. ரெண்டு இடம் குழம்பிப்போச்சு. முதல் வீட்டிலை, மாமனாரா வர இருந்தவர் இருமினதை அவருக்கே திருப்பி இருமிக் காட்டினன். மற்ற வீட்டிலை மாமி போனிலை இழுக்கிற "ஹலோ..."வை அவவுக்கே இழுத்துக் காட்டினன். மூண்டாவது இடம் பேசேக்கை அக்கா சொன்னா: "டேய், உதுதான் கடைசி. இதுவும் குழம்பினா நீயும் உன்ரை வாயும் குடும்பம் நடத்துங்கோ."

பலகை

நான் குடியிருந்த மல்வேர்னிலை பக்கத்து வீட்டுக் குகன் அண்ணை ஒருநாள் பப்புக்குச் சாப்பிட வந்தார். சொக்ஸுக்கும் அயர்ன் பிடிச்சிருப்பார் போலை, அப்பிடி ஒரு வடிவு. எங்கடை பப்பிலை பிளேட் எண்டது பேருக்குத்தான். இறைச்சி மரப்பலகையிலை வரும், சிப்ஸ் சின்ன வாளியிலை வரும். கொண்டுபோய் வைச்சன். மனுசன் பலகையைப் பாத்தார், பக்கத்திலை கிடந்த கத்தியைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"தம்பி, அரியிறது நானெண்டா, அடுப்பு எங்கை கிடக்கு?"

செஃபின்ரை குரல்

எங்கடை செஃப் டெரிக்குக்குத் தகரத்திலை கல்லுப் போட்டுக் குலுக்கின குரல். சாப்பாடு ரெடியெண்டா "ஹேண்ட்ஸ்!" எண்டு கத்துவார், வெயிட்டர்மார் பறந்து போய்த் தூக்கவேணும். ஒருநாள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலை நிண்டு நான் கத்தினன். மூண்டு பேர் ஓடிவந்து, ஒண்டுமில்லாத மேசைக்கு முன்னாலை கையை நீட்டிக்கொண்டு நிக்கினம்! எனக்கெண்டா சிரிப்பு அடக்கேலாது. திரும்பிப் பாத்தால் டெரிக்.

"நாளைக்கும் வேலைக்கு வா," எண்டார். "என்ரை குரலை வீட்டிலை விட்டிட்டு வா."

அந்தக் கிழமை

சண்டை முடிஞ்ச கிழமை, எங்கடை சனம் முழுக்கப் போனும் கையுமாத் திரிஞ்சது உங்களுக்குத் தெரியும். ஆர் இருக்கினம், ஆர் இல்லை, ஒண்டும் தெரியாது. நான் வேலைக்குப் போனன், வாய்தான் கூட வரேல்லை. டெரிக் ரெண்டுநாள் பாத்தார். மூண்டாம் நாள் ஒரு கோப்பை சூப்பைக் கொண்டுவந்து எனக்கு முன்னாலை வைச்சார்.

"வேணுமெண்டா இண்டைக்கு என்ரை குரலிலை கத்து."

நோ எக்

பிறகொரு வெள்ளிக்கிழமை. ரெண்டு கையிலையும் பியர் கிளாஸோடை வாறன், ஜன்னல் மேசையிலை அக்கா படத்திலை காட்டின பிள்ளை! தாய் தகப்பனோடை, சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பாக்க வந்திருக்கினம். தாய்க்கு ஒரு நேத்திக்கடன் எண்டு அக்கா முதலே சொன்னவ. மூத்த மகனைச் சண்டை முடிய வவுனியா முகாமிலை அடைச்சு வைச்சிருந்தவங்கள். அவன் வெளியிலை வருமட்டும் மச்சம் மாமிசம் தொடமாட்டா, முட்டைகூட இல்லை.

அந்தத் தாய் ஓடர் பண்ணினது பிளாக் புடிங். எங்களுக்குப் புடிங் எண்டா இனிப்பெல்லோ? வெள்ளைக்காரனுக்கு உது பண்டி இரத்தத்திலை செய்யிற சோசேஜ். அவ வெயிட்டர் கெவினைக் கவனமாக் கேட்டிருக்கிறா, "நோ எக்?" எண்டு. அவனும் உண்மையைத்தான் சொன்னவன்: "நோ எக், மேடம்."

துண்டு முள்ளுக்கரண்டியிலை ஏறி தாயின்ரை வாய்க்குக் கிட்டப் போயிட்டுது. என்ரை கை ரெண்டும் கிளாஸ். மிச்சமிருந்தது வாய் ஒண்டுதான். குனிஞ்சன், கரண்டியிலையிருந்து அப்பிடியே கவ்வினன்!

கொதிக்கக் கொதிக்க. துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. தகப்பன் எழும்பிட்டார். "தம்பி, என்ன இது?" "ம்ம்." "நீர்தானோ மாப்பிள்ளை?" "ம்ம்." கண்ணாலை தண்ணி ஓடுது. அந்தப் பிள்ளை மெனுவை வாசிச்சுத் தாயின்ரை காதுக்குள்ளை ஏதோ சொல்லிச்சுது. தாய் முள்ளுக்கரண்டியை வைச்சிட்டு என்னைக் கும்பிட்டா. தகப்பன் திரும்பக் கதிரையிலை இருந்தார்.

"அடக்கமான பொடியன். ஒரு சொல்லு கதைக்கேல்லைப் பார்."

அந்தப் பிள்ளைதான் இந்தச் சுமதி. மச்சானும் பிறகு முகாமாலை வெளியிலை வந்தார். மாமி அண்டைக்கே கணவாய்க் கறி வைச்சவ. மொத்தத்திலை, ரெண்டு கலியாணத்தைக் குழப்பின வாய்தான் மூண்டாவதைக் கவ்விப் பிடிச்சது.

சுமதி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழை வைச்சா.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு உந்த வாயாலை நீங்கள் ஒரு சொல்லுக் கதைச்சிருந்தா, நான் ஓம் எண்டிருக்கமாட்டன்."