திருவாதிரைக்கு வயதாகிவிட்டது

கந்தப்பன் வாத்தியாருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் மீது யாருக்காவது குறை உண்டென்றால் இது ஒன்றுதான். மற்றபடி தங்கமான மனிதர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான், வாத்தியாரும் அவர் ஒருவர்தான். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பாடம் கேட்காது, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிடுவார்.

அவருக்கு வானத்துப் பைத்தியம் சீனி வாங்கப் போன இடத்தில் பிடித்தது. ராகலையில் லாபிர் நானாவின் கடையில் சீனி, பருப்பு எல்லாவற்றையும் பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளில்தான் சுற்றித் தருவார்கள். துரைமார் பங்களாக்களில் எடைக்குப் போடுகிற தாள். ஒருநாள் வீட்டில் சீனியைக் கொட்டிவிட்டுத் தாளைத் திருப்பினால் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் படம். அடுத்த வாரமே கடைக்குப் போய், "நானா, இந்த மாதிரித் தாளக் கிழிக்காம எனக்கு எடுத்து வைங்க" என்றார். லாபிர் நானாவும் எடுத்து வைத்தார். "மாஸ்டர், ஒங்களால எனக்குச் சீனி சுத்தத் தாளில்லாமப் போச்சு" என்று சிரித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை முடிந்து வரும்போது வழியில் மறித்துக்கொள்வார். தை மாதத்தில் பனி இல்லாத சாயங்காலம் என்றால் தப்பவே முடியாது. "அந்தா, செவப்பாத் தெரியுது பாருங்க, அதான் திருவாதிரை" என்று ஆரம்பிப்பார்.

அவர் சொன்னது இதுதான். திருவாதிரை வயதான நட்சத்திரம். எரிப்பதற்கு உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை எரித்துத் தீர்த்துவிட்டது. அதனால் ஊதிப் பெருத்து, மேற்புறம் சூடு குறைந்து சிவந்து கிடக்கிறது. சூரியன் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமி அதன் வயிற்றுக்குள் போய்விடும். அவ்வளவு பெருத்த உடம்பை இறுக்கிப் பிடித்து வைக்க அதற்குப் பலம் போதாது. மேல்பகுதி காற்றாகவும் தூசியாகவும் ஓயாமல் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் வெடித்து முடிந்துபோகும். அந்த ஒருநாள் நம் பேரன் பேத்திகளுக்குப் பேரன் பேத்திகள் வந்த பிறகும் வராமல் இருக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் மகள் பூரணி பிறந்த நட்சத்திரமும் திருவாதிரை. வினை அங்கேதான் வந்தது.

அறுபத்திரண்டாம் வருடத் தையில், பழனியாண்டிக் கங்காணி தன் மகனுக்குப் பூரணியைப் பெண் பார்க்க வந்தார். பெண்ணைப் பிடித்தது, சாதகமும் பொருந்தியது. பொழுது இருட்டிப் புறப்படும் நேரத்தில், "பொண்ணுக்குத் திருவாதிரைதானுங்களே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. வாத்தியாரோ, "வாங்க, காட்டுறேன்" என்று அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். கிழட்டு நட்சத்திரம் என்பதில் தொடங்கி வெடிப்பது வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

கங்காணி முகத்தில் ஈயாடவில்லை. "ஒடம்பு கழண்டு அழியிற நச்சத்திரத்துல பொறந்த பொண்ணயா எங்க வீட்டுல வெளக்கேத்தச் சொல்றீங்க?" என்றவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த வீட்டு ஆளாக நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஈசனுக்கே அதுதானே நட்சத்திரம்! இதை யார் அந்த ஆளுக்குச் சொல்வது?

பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. வாத்தியாரின் மனைவி அம்மாக்கண்ணு அவரோடு பேசுவதை நிறுத்தினாள், பாத்திரங்கள்தான் பேசின. பூரணி மட்டும் மாறவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. காலையில் போவாள், சாயங்காலம் வருவாள். அவள் வயதுப் பெண்கள் தங்கள் குழந்தைகளை அவளிடமே கொண்டுவந்து விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கொத்மலைப் பக்கத்திலிருந்து மீனம்மா வந்தாள். கொழுந்தெடுக்கிற பெண், புருஷன் இல்லை. அவள் மகன் அழகுமுத்து கோவில் திருவிழாவில் பூரணியைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று நின்றானாம். வருகிற செய்தி கிடைத்ததும் அம்மாக்கண்ணு, நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் புளுகு என்று சொல்லவேண்டுமென வாத்தியாரிடம் சூடமேற்றிச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

மீனம்மா பாயில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"வாத்தியாரய்யா, ஒங்க பொண்ணு நச்சத்திரம் அழிஞ்சுக்கிட்டு இருக்குன்னு பேசிக்கிறாங்களே, மெய்யிங்களா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "இல்லீங்க. அது சும்மா… பத்திரிகைக்காரன் எழுதுனது. நச்சத்திரம் நல்லாத்தான் இருக்கு."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

தேத்தண்ணித் தட்டோடு வந்த பூரணி அதைக் கீழே வைத்தாள். "அப்பா எனக்காகப் பொய் சொல்றாருங்க. அது வயசான நச்சத்திரந்தான். ஒடம்பு கழண்டுக்கிட்டுத்தான் இருக்கு. எங்கப்பாவத் தல குனிய வச்சுத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, அது எனக்கு வேணாங்க."

அம்மாக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டாள். மீனம்மா பூரணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழண்டு போறது எங்க போகுது தாயி?"

"எங்கயும் வீணாப் போகலீங்க. அந்தத் தூசியெல்லாம் ஒண்ணாச் சேந்து, பொறவு புது நச்சத்திரம் அதுலதான் பொறக்குமாம். நாம நிக்கிற மண்ணும் அப்புடி வந்ததுதான்னு அப்பா சொல்வாரு."

மீனம்மா கொழுந்துக் கறை ஏறிய கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நான் ஏழு பெத்தவ தாயி. வயித்துல இருந்ததையும் மாருல இருந்ததையும் அதுங்களுக்குக் குடுத்துக் குடுத்துத்தான் இப்புடி ஒட்டிப்போயி ஒக்காந்திருக்கேன். என்னப் பாத்து அழிஞ்சு போறவன்னு எவனாச்சும் சொன்னா சும்மா விடுவேனா?"

அப்புறம் வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"கடைசி பஸ்ஸு போனாப் போகட்டுங்க, நான் ராத்திரி இங்கயே இருந்துக்கிறேன். இருட்டுனதும் எனக்கு அதக் காட்டுங்க. எம் மருமக நச்சத்திரத்த நான் பாக்க வேணாமா?"