மை பூசிய நாலு பக்கம்

நெருக்கடி நிலையில் மிசாவில் உள்ளே இருந்தவன் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிட்டு எனக்குச் சால்வை போடுகிறார்கள். போன மாதம் வண்ணார்பேட்டையில் போட்டார்கள். சர்வாதிகாரத்தைத் தனியாளாகச் சாய்த்தவன்போல முக்கால் மணி நேரம் பேசினேன். சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தையும் தூக்கிக் காட்டினேன். நாலு பக்கமும் தணிக்கை மை. நல்ல கைதட்டல். அதன் மிச்சக் கதையை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது நான் முக்கூடலில் வாத்தியார். சுவரில் நோட்டீஸ் ஒட்டப் போய், பசை வாளியோடு பிடிபட்டேன். ஓடியிருக்கலாம். வாளி பள்ளிக்கூடத்துடையது, விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. இந்த லட்சணத்தில் புரட்சி.

நான் உள்ளே போன மூன்றாம் வாரம் மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே மூச்சுத் திணறல். மனைவி எழுதினாள்: "பிள்ளை தேறுமான்னு டாக்டருக்கே தெரியல. சீக்கிரம் ஞானஸ்நானம் கொடுக்கணும். பேரு நீங்கதான் சொல்லணும். உடனே எழுதுங்க."

ஒரு வரி போதும். எனக்குள் இருந்த மேடைப் பேச்சாளன் விடுவானா? நாலு பக்கம் எழுதினேன். அடக்குமுறை, வரலாறு, விடியல். மூன்றாம் பக்கத்தில், ஆட்சியைத் திட்டுகிற ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், விடுதலையைக் காணப்போகிறவள் என்று வர்ணித்துப் பெயரைச் செருகினேன். கூட இருந்த கைதிகளுக்கு வாசித்தும் காட்டினேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடிதங்களைத் தணிக்கை செய்த அதிகாரிக்குக் குளிரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது 'அன்புள்ள' என்பதும், 'இங்கே கொசுக்கடி அதிகம்' என்பதும்தான்.

பத்து நாள் கழித்து மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம், அவள் தோளில் பிள்ளை. தேறியிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தாள்.

"பாத்தியா, என்ன அநியாயம் பண்ணுதானுவ" என்றேன், பெருமை தாங்காமல்.

"காத்துக் காத்துப் பாத்தேன். பேரில்லாமலே பிள்ளை போயிருமோன்னு பயந்து, நானே ஒரு பேரை வச்சிட்டேன்" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள். "கொசுக்கடியை மை பூசாம விட்டிருக்காவல்லா. பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தியன்னா, அதையும் விட்டிருப்பாவல்லா?"

மைக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு வார்த்தையை நான் எழுதவேயில்லை.