மெயினை அணைக்கும் வரை

கச்சிராயபாளையம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு மறியல், பஸ் இல்லை. பின்னால் கள்ளக்குறிச்சியில், ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில், அன்று காலைவரை எனக்கு வேலை இருந்தது. கல்வராயன் மலையில் ஒரு பெண்ணிடம், அவளுடைய விண்ணப்பம் தள்ளப்பட்டதைச் சொல்ல வேண்டும். மறுநாள் மாலையோடு சேர்க்கை முடிகிறது. அவர்கள் ஊரில் போன் எடுக்காது.

விண்ணப்பங்களைப் பதியும் ஜாவா புரோகிராமை எழுதியவர் எப்போதோ போய்விட்டார். அதைத் திருத்தி எழுத யாரிடமும் அதன் மூல நிரல் இல்லை. பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று எண் என்று ஒவ்வொரு ஃபீல்டின் மேலும் ஒரு குறிப்பு இருக்கும்: கட்டாயம், அல்லது கட்டாயமில்லை. ஓடும்போது புரோகிராம் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் விண்ணப்பத்தை ஏற்கும், தள்ளும். சான்று எண் கட்டாயம். முந்தைய நாள் தாலுகா ஆபீஸோ மறியலில் மூடிக் கிடந்தது. மகளோடு மலையிறங்கி வந்த தகப்பன் மூன்றாம் முறையாக வெறுங்கையோடு நின்றார்.

நான் பன்னிரண்டாவது தாண்டாதவன். பிரௌசிங் சென்டர்களில் உட்கார்ந்து கற்றதுதான். யாரையும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குள் என் சிறு துண்டு ஒன்றை ஏற்றி, ஓடும் புரோகிராமை உள்ளிருந்தே தொட ஜாவா தரும் ரிஃப்ளெக்ஷன் என்ற வழியில் அந்த ஃபீல்டைப் பிடித்து, குறிப்பைக் ‘கட்டாயமில்லை’ என்று மாற்றினேன். விண்ணப்பம் ஏறியது.

“சான்று வேணாங்க. இனி அலையாதீங்க” என்று அவரிடம் சொன்னேன்.

மாற்றம் ஓடும் புரோகிராமில் மட்டும்தான். நிறுத்தினால் பழைய குறிப்பே திரும்பும். தெரிந்தும் விட்டுவிட்டேன். ஊர்வலம் வந்தால் ஷட்டரை இறக்கி மெயினையும் அணைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். வெளிச்சம் தெரிந்தால் கல் விழும் என்று பயம். அன்று காலை அணைத்தார்கள். மறுபடி கிளம்பிய புரோகிராம் எல்லா விண்ணப்பங்களையும் சரிபார்த்து இதைத் தள்ளியது.

“நேத்து முழுங்குச்சு, இன்னிக்குத் துப்புது. இன்னாய்யா பண்ண?” என்றார் மேலாளர்.

சொன்னேன்.

“நீ ஃபீல்டை மாத்திட்ட. நான் ஆளை மாத்திக்கிறேன். கிளம்பு.”

எந்த வேலையிலும் எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. அது பெரிதாக உறைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் வீணாகுமே என்பதுதான் என்னை நடக்க வைத்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மலைக்குப் போன லாரி என்னை ஏற்றிக்கொண்டது. அவர்கள் ஊரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தகப்பன் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். மகள் கூடையோடு நின்றாள்.

சொல்லி முடித்ததும் அவள்தான் பேசினாள். “ஆபீஸ் தொறந்தாச்சு, சான்று ரெடின்னு நேத்து சாயங்காலமே தாலுகா ஆபீஸ் ஆள் வந்து சொன்னாருங்கண்ணா. வேணான்னீங்களே, அதான் போய் வாங்கல.”

தகப்பன் என்னைத் திட்டவில்லை. மண்வெட்டியைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலீல நாங்க ரெண்டு பேரும் போனாத்தான் குடுப்பாங்க. லோடு வேற நிக்குது.”

“ஆள் கம்மியானா வண்டி எப்ப கிளம்புறது? இந்த சார் பிடுங்குவாரா?” என்றார் லாரி டிரைவர், என் கையைப் பார்த்து.

விடிந்ததும், சான்றை வாங்கி மாலைக்குள் கல்லூரியில் கொடுக்க, பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் தகப்பனும் மகளும் மலையிறங்கினார்கள். நான் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அவருடைய வரிசையில் கிழங்கு பிடுங்க இறங்கினேன்.